மேலூர் ராமசாமி என்ற பெயரில் நான் எழுதிய கேஸ் ஷீட்

பெருமாளின் பேரைச் சொல்லி ஒன்றாகக் கூடும் நம் பஜனைக் குழு அன்பர்கள் எல்லோருக்கும் என் நமஸ்காரம்.

2002-ஆம் வருடம் ஆவணி மாதம். நான் ஒரு நாளைக்கு ஆறு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். வலிக்கான ஊசி. வலி போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, ஊசி மட்டும் போகவில்லை. அது உள்ளே இறங்காவிட்டால் காலையில் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது, கை நடுங்கும். என் தொழில் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற மனநல மருத்துவன் நான். அந்த வைத்தியத்தை எப்படிச் செய்வது என்று மருத்துவக் கல்லூரியில் இளம் டாக்டர்களுக்குப் பாடம் நடத்துகிறவனும் நான்தான்.

இதை எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. புரட்டாசி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறீர்கள். குடியின் கெடுதல் பற்றி ஒரு கட்டுரை கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். என் மனைவி சுபத்ரா விடவில்லை. "கட்டுரை யார் வேணாலும் எழுதுவாங்க. நீங்க நடந்ததை எழுதுங்க" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பான விடையைச் சுழிக்காமல் அடுத்த பக்கம் புரட்ட மாட்டாள்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணமானது. 2000-ஆம் வருடம் ஐப்பசி மழையில் பழங்காநத்தத்தில் ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்தேன். இடுப்பில் நல்ல அடி. ஆறு வாரம் படுக்கை. கூடப் படித்த எலும்பு டாக்டர் ஒருவர், வலி தாங்காத நேரத்தில் போட ஓர் ஊசி எழுதிக் கொடுத்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பத்து நாளைக்கு மட்டும்தான் கொடுத்தார். பதினோராவது நாள் எனக்கு நானே எழுதிக்கொண்டேன். டாக்டர் வீட்டில் பேனாவுக்கும் மருந்துச் சீட்டுக்கும் பஞ்சமா என்ன? ஊசியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்துகொள்வதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இரண்டு ஊசி மூன்றானது, மூன்று நான்கானது. கே.கே. நகரில் என் கிளினிக்கில், நோயாளியைப் பார்க்கும் அறைக்குப் பின்னால் சின்னதாக ஓர் அறை உண்டு. ஒரு வாஷ்பேசின், ஓர் இரும்பு பீரோ. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போவேன். கதவைச் சாத்தி, தொடையில் குத்திக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவேன். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வேன். "குடியை விடணும்னா முதல்ல மறைக்கறதை விடணும்" என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

கல்லூரியில் வியாழக்கிழமை காலை என் வகுப்பு. ஒரு நோயாளியின் கதையை மாணவர் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். நான் கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார். வருகிற ஒவ்வொரு புது மாணவருக்கும் ஒன்றைச் சொல்லுவேன். "எவ்வளவு குடிக்கறீங்கன்னு கேட்டா ஒரு அளவு சொல்லுவார். அதை ரெண்டால பெருக்கிக்கோ. உண்மைக்குக் கிட்ட வரும்." பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு வியாழக்கிழமை, என் தொடையில் அன்றைய இரண்டாவது ஊசியின் பஞ்சு ஒட்டியிருந்தது.

எனக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். கரும்பலகையில் நான் எழுதிப்போடுகிற அறிகுறிகள் ஒன்று பாக்கியில்லாமல் என்னிடம் இருந்தன. அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தேன். என் தொழில்காரன் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. எனக்கு நானே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன்.

முறையாகவே செய்தேன். புதிதாக ஒரு கேஸ் ஷீட் எடுத்து, "ராமசாமி, வயது 44, வியாபாரி, மேலூர்" என்று எழுதினேன். வயது மட்டும் என்னுடையது. கோளாறு, எத்தனை மாதமாக, எவ்வளவு அளவு எல்லாம் எழுதினேன். எந்த வாரத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கட்டம் போட்டேன். கீழே, "நோயாளிக்கு விட வேண்டும் என்ற எண்ணம் நன்றாக இருக்கிறது. குணமாகும் வாய்ப்பு அதிகம்" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ராமசாமியின் கேஸ் ஷீட்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். தினமும் அளவைக் குறித்துவந்தேன். ஆறு, ஐந்து, நான்கு என்று கட்டத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. பார்க்க அழகாக இருந்தது.

அந்த மாதங்களில் பெருமாளிடம் போகாத சனிக்கிழமை கிடையாது. மஹால் பக்கத்தில் நம் பஜனை நடக்கும் அதே கோயில்தான். ஆண்கள் வரிசையில் நான், எதிரே பெண்கள் வரிசையில் சுபத்ரா. தீபாராதனை காட்டும்போது கண்ணை மூடி இப்படித்தான் கேட்பேன்: "பெருமாளே, என்னை இதிலிருந்து எடுத்துவிடு. ஆனால் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கல்லூரியில் தெரியக் கூடாது, சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது, சுபத்ராவுக்குத் தெரியவே கூடாது." இப்போது யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது. பெருமாளுக்கே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், எந்த மருந்து, எந்த வேளை, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று. ஆனால் அப்போது உருகித்தான் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வரும். கோயிலை விட்டு வெளியே வந்ததும் கை நடுங்கத் தொடங்கும். "கிளினிக்ல ஒரு வேலை இருக்கு" என்று சொல்லி சுபத்ராவை ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் போய்விடுவேன்.

ஆவணியில் ஒரு நாள் வார்டில் ரவுண்ட்ஸ் முடித்து மருந்து எழுதினேன். கொஞ்ச நேரத்தில் வார்டு சிஸ்டர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார். "சார், இவருக்கு இந்த மாத்திரையை நேத்து நீங்கதான் நிறுத்தினீங்க. மஞ்சள்காமாலை இருக்கு, குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு மறுபடி எழுதியிருக்கீங்க" என்றார். பத்து பேர் முன்னால் அந்தம்மாவைச் சத்தம் போட்டேன்.  ஆனால் அவர் மாத்திரையைக் கொடுக்கவில்லை. அவர் கொடுத்திருந்தால் அந்த மனிதருக்கு என்ன ஆகியிருக்கும் என்று என் அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எனக்கு ஒன்று ஆனால் ஆகட்டும் என்று அதுவரை ஒரு மாதிரி தைரியமாக இருந்தேன். என்னை நம்பி வந்து படுத்திருக்கிறவருக்கு என் கையால் ஒன்று ஆகிவிடும் என்று அன்றைக்குத்தான் பயந்தேன். பயந்து என்ன செய்தேன் தெரியுமா? பின்னறைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒச்சப்பன் வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் குடியில் மூழ்கி, நிலத்தையும் பார்க்காமல் வீட்டையும் பார்க்காமல் கிடந்தவர். என் வார்டில் சேர்ந்து குணமாகி, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்தார். மாதம் ஒரு தடவை வந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். வரும்போதெல்லாம் பிளாஸ்க்கில் டீ கொண்டுவருவார். அன்றைக்கும் கொண்டுவந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே "ரெண்டு நிமிஷம்" என்று எழுந்து உள்ளே போய்விட்டு வந்தேன். அவர் டீயை ஊற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிற மாட்டீகள்ல?"

"கேளுங்க."

"நானும் மூணு மாசமா பாக்குறேன். உள்ள போகையில ஒரு ஆளு போறீக. வெளிய வரையில வேற ஆளு வாரீக."

"இடுப்பு வலி. மாத்திரை போட்டுட்டு வர்றேன்."

"நானும் அப்படித்தேன் சொல்லுவேன், வயித்து வலிக்கு மருந்துன்னு. தவிட்டு மூட்டைக்குள்ள பாட்டிலை ஒளிச்சு வெச்சிருப்பேன். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்னு ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போவேன். மாடே என்னையப் பாத்து முழிக்கும்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அம்புட்டு வெவரம் கிடையாது சார். ஆனா டீக்கடைல கை நடுங்குறவனுக்கு அரைக் கிளாசுதேன் ஊத்துவேன். முழுசா ஊத்துனா மேல சிந்திக்கிருவான். மூணு மாசமா உங்களுக்கும் அரைக் கிளாசுதேன் ஊத்துறேன். நீங்க கவனிச்சீகளோ என்னவோ."

மேஜையைப் பார்த்தேன். அரைக் கிளாஸ்தான் இருந்தது.

"உங்களுக்கு வைத்தியம் யாரு சார் பாக்குறா?" என்று கேட்டார். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.  கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "சரி, வாரேன் சார். கடைல ஆளு இல்ல" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மீதி இருந்த நோயாளிகளை மறுநாள் வரச்சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்தேன். ராமசாமியின் கேஸ் ஷீட்டை எடுத்தேன். அந்த வாரத்துக் கட்டத்தில், ஒரு நாளைக்கு மூன்று என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழ்த்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி. காலியான மருந்துக் குப்பிகளை வெளியில் போடப் பயந்து அதில்தான் போட்டு வைப்பேன். முந்தின ஞாயிறு மாலை அதைக் காலி செய்திருந்தேன். அதனால் ஒரு வாரத்துக் குப்பிகள் மட்டும் இருந்தன. தரையில் கொட்டி எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஏழால் வகுத்தால் ஆறு.

ராமசாமி சொன்ன அளவு மூன்று. இரண்டால் பெருக்கினால் ஆறு.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஷீட்டை இந்த உலகத்தில் வேறு ஒருத்தரும் பார்க்கப் போவதில்லை. எழுதுகிறவனும் நான், படிக்கிறவனும் நான். அதில் போய்ப் பொய் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி போட்டதைக் கணக்கில் சேர்க்காமல், வலிக்கு என்று சொல்லிப் போட்டதை வேறாக வைத்து, எப்படியோ மூன்று என்று எழுதியிருக்கிறேன். இருபது வருடம் படித்த படிப்பு, நடத்திய பாடம் எல்லாம் ஒரு காசுக்கு உதவவில்லை. "பெருமாளே, என்னால் முடியாது" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த ஒரு தடவைதான் நிபந்தனை எதுவும் போடாமல் கேட்டேன் என்று நினைக்கிறேன். போடவும் எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை காலை கல்லூரியில் டாக்டர் தமிழரசியின் அறைக்குப் போனேன். என்னிடம் படித்தவர். படிப்பு முடித்து எங்கள் துறையிலேயே உதவிப் பேராசிரியராக இருந்தார். நேரடியாகச் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பில் சொல்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"ஒரு கேஸ், தமிழரசி. ராமசாமி, நாப்பத்தி நாலு வயசு. வலிக்கு ஊசி போட்டு, விட முடியாம இருக்கார்."

அவர் பேனாவை எடுத்தார். "அளவு எவ்வளவு சார்?"

"மூணுன்னு சொல்றார். ஆறு."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தொழில் என்ன சார்?"

வியாபாரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "டாக்டர்" என்றேன்.

தமிழரசி எழுதுவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வேறு எந்த நோயாளியிடமும் கேட்கிற அதே குரலில், "எப்ப அட்மிஷன் போடலாம் சார்?" என்று கேட்டார். அந்தக் குரலுக்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பரிதாபப்பட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"பெங்களூர்ல போய்ச் சேர்ந்துக்கறேன். கான்பரன்ஸ்னு லீவு சொல்லிக்கறேன். நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுங்க."

"கூட யார் வர்றாங்க?"

"யாரும் வேண்டாம். தனியாப் போயிடறேன்."

"அப்ப லெட்டர் தர முடியாது சார்."

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது என் விதி. போதை வார்டில் சேர வருகிறவர் வீட்டு மனுஷர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தே ஆக வேண்டும். மனைவியோ, அண்ணனோ, மாமனோ யாராவது ஒருவர் கூடவே தங்க வேண்டும். தனியாக வருகிறவரைச் சேர்க்கக் கூடாது. அந்த விதியைப் போட்டவனே நான்தான். தெரியாமல் வருகிறவன் தெரியாமலே திரும்பிப் போவான் என்று மாணவர்களுக்குக் காரணமும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"எனக்குமா தமிழரசி?" என்று கேட்டேன். கெஞ்சுகிற மாதிரிதான் இருந்திருக்கும்.

"உங்களுக்கு விட்டுட்டா நாளைக்கு யாரைப் பார்த்து நான் இதைக் கேக்கறது சார்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று மாலை நான்கரை மணி இருக்கும். சுபத்ரா பள்ளியிலிருந்து வந்து சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் எங்கள் தாய்மொழியில்தான் பேசுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். எதிரே போய் உட்கார்ந்து, "ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லுங்க."

"ரெண்டு வருஷமா நான் ஊசி போட்டுட்டு இருக்கேன். இடுப்பு வலிக்கு ஆரம்பிச்சது. இப்ப விட முடியலை. அடிமையாயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை. அதுதான் விஷயம்."

"வேற ஒண்ணும் இல்லையே? ஸ்கேன், டெஸ்ட்னு எதுவும் எடுக்கலையே?"

"எதுக்கு ஸ்கேன்? எடுக்கலை."

"இம்புட்டுத்தானா?" என்றாள். அப்படியே தாள்கட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது அதற்கு முன் அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. என் வாழ்க்கையிலேயே பெரிய அவமானத்தைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன், இம்புட்டுத்தானா என்று கேட்கிறாளே என்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க சேரணும்?" என்றாள். பெங்களூர் என்றேன். "எதுக்கு அங்க? இங்கயே சேருங்க. ஒரு வாரம் லீவு போடறேன். அப்புறம் ஸ்கூல் விட்டு நேரா வந்துடுவேன். பகல்ல உங்க தம்பி இருக்கட்டும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சுடும் சுபத்ரா."

"தெரியட்டும்" என்று சொல்லி, பெட்டியில் வைக்க என் வேட்டிகளை எடுக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை, இருபது வருடமாக நான் ரவுண்ட்ஸ் போன வார்டில் நோயாளியாகப் போய்ப் படுத்தேன். சேர்க்கும்போது பையைச் சோதித்து எடுத்து வைத்தது நான் சத்தம் போட்ட அதே சிஸ்டர். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், செருப்பைக் கட்டிலுக்குக் கீழ விடுங்க" என்றார். பக்கத்துக் கட்டிலில் கட்டடக் கொத்தனார் ஒருவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நானும் அவரைப் போலத்தான் வந்திருக்கிறேன் என்று புரிந்ததும் தன் மனைவியிடம், "இந்தா, சாரே நம்ம கூடத் துணைக்கு வந்துட்டாரு. இனிமே எனக்குப் பயமில்ல" என்றார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

உடம்பு பட்ட பாட்டை விவரமாகச் சொல்ல வேண்டாம். கொட்டாவி, மூக்கு ஒழுகல், கால் குடைச்சல் என்று வகுப்பில் மூன்று சொல்லில் சொல்லி முடித்துவிடுவேன். அந்த மூன்று சொல்லுக்குள் ஐந்து நாள் கிடந்தேன். நாலாவது நாள் எழுந்து ஓடிவிடலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு சுபத்ரா உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் இரண்டு சுளையை நீட்டினாள். வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். தனியாகப் பெங்களூர் போயிருந்தால் அன்றைக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

வீட்டுக்கு வந்தபின் நடந்தது எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரிக்கு நானே எழுதிக் கொடுத்தேன். விசாரணை நடந்தது, கண்டனமும் கிடைத்தது. ஆறு மாதம் லீவில் இருந்தேன். திரும்பி வந்த பிறகும் ஒரு வருடம் மருந்து அலமாரியின் சாவி என் கைக்கு வரக் கூடாது என்று ஏற்பாடு. வாரம் ஒரு தடவை சிறுநீர் பரிசோதனை. பேராசிரியர் ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்த் தன் மாணவியிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மாதம் உடம்பு கூசியது. அப்புறம் பழகிவிட்டது. கிளினிக்கில் அந்தப் பின்னறைக் கதவைக் கழற்றிவிட்டேன். ராமசாமியின் கேஸ் ஷீட்டைக் கிழிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்கு நடத்தும் முதல் வியாழக்கிழமை வகுப்பில் அதைத்தான் படிக்கக் கொடுக்கிறேன். படித்து, குறைகளைச் சொல்லச் சொல்லுவேன். நன்றாகவே சொல்லுவார்கள். கடைசியில் நோயாளி யார் என்று சொல்லுவேன். பிறகு கேட்கிற கேள்விகள் முன்பு கேட்டதைவிட நன்றாக இருக்கின்றன.

நான் வார்டில் சேர்ந்து ஒரு வருடம் கழிந்து வந்த புரட்டாசி. முதல் சனிக்கிழமை. கோயிலில் பஜனை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு நானும் சுபத்ராவும் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனசு நிறைந்திருந்தது. "இங்க நின்னுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அழுது கேட்டேன். கேட்டதைக் குடுத்துட்டார் பெருமாள்" என்றேன்.

சுபத்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன கேட்டீங்க?"

சொன்னேன். யாருக்கும் தெரியாமல் என்னை எடுத்துவிடு என்று கேட்டேன் என்றேன். உனக்குத் தெரியவே கூடாது என்று கேட்டதையும் சொன்னேன்.

"நீங்க கேட்டதை எங்க குடுத்தார்? ஊருக்கே தெரிஞ்சுபோச்சே" என்று சிரித்தாள். கையிலிருந்த துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள். நான் வார்டில் சேர்ந்த வருடம் மாசி மாதமே என் ஸ்கூட்டர் பெட்டியில் ஊசி உறையும் பஞ்சும் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். நான் மெலிந்துகொண்டே வந்தேன், சாப்பாடு இறங்கவில்லை, எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தேன். எனக்குப் புற்றுநோய், அவளிடம் மறைத்து எங்கோ வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுடைய அப்பா அப்படித்தான் கடைசி வரை யாருக்கும் சொல்லாமல் போனார். என்னிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்று பயம்.

"ஆறு மாசம், ஒவ்வொரு சனிக்கிழமையும் பட்டினி இருந்தேன். உங்களைக் காப்பாத்துன்னுகூட நான் கேக்கலை. அதைக் கேக்கப் பயமா இருந்துச்சு. எதுவா இருந்தாலும் அவர் வாயால எங்கிட்ட சொல்லட்டும், நான் கூட இருந்துக்கறேன், அது போதும்னுதான் கேட்டேன்."

அன்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே தீபாராதனை. ஆண்கள் வரிசையில் ஒருத்தன், அவளுக்குத் தெரியவே கூடாது என்று கண்ணை மூடிக் கேட்கிறான். பத்தடி தள்ளிப் பெண்கள் வரிசையில் ஒருத்தி, அவர் வாயால் சொல்லட்டும் என்று பட்டினியோடு நின்று கேட்கிறாள். இரண்டையும் பெருமாளால் கொடுக்க முடியாது. ஒன்றைக் கொடுத்தால் மற்றதை மறுத்தாக வேண்டும். அவர் என்னுடையதை மறுத்தார். டீக்கடை ஒச்சப்பனை அனுப்பி மறுத்தார், என் மாணவியின் வாயால் மறுத்தார், நான் போட்ட விதியை வைத்தே மறுத்தார். ஒரு தடவை அவர் எனக்கு இரங்கி, கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருந்தால், என் கையால் ஒரு நோயாளியோ, அந்தப் பின்னறையில் நானோ செத்திருப்போம்.

இந்தப் புரட்டாசியோடு ஏழு வருடம் முடிகிறது. பெருமாளின் கிருபையால் ஊசி கிடையாது. இடுப்பு வலி மட்டும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும், வெந்நீர் ஒத்தடத்தோடு சரி.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் எதையாவது பூட்டி வைத்திருக்கலாம். பாட்டிலோ, ஊசியோ, சீட்டாட்டமோ, எனக்குத் தெரியாது. பெருமாளிடம் தவறாமல் சொல்லிக்கொண்டும் இருப்பீர்கள். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில்தான் நானும் அவரிடம் மட்டும் சொல்லிவந்தேன். இந்தச் சனிக்கிழமை கோயிலுக்குக் கட்டாயம் வாருங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து, எதிர் வரிசையில் உங்கள் வீட்டு மனுஷி எவ்வளவு நேரம் கண்ணை மூடி நிற்கிறாள் என்று பாருங்கள். வீட்டுக்குப் போகிற வழியில், அவள் என்ன கேட்டாள் என்று விசாரியுங்கள்.